145 மீட்டரும் 70 மீட்டரும்: வில்லோடு வாழும் பூட்டானுக்கு ஆசியப் பதக்கம் ஏன் இல்லை?

கேள்வி இதுதான்: "பூட்டானின் தேசிய விளையாட்டே வில்வித்தை. அங்கே ஊருக்கு ஊர் வில்லாளிகள். அப்படியிருந்தும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்த நாட்டுக்கு ஒரு வெண்கலம்கூட இல்லையே, ஏன்? மகிழ்ச்சியே பெரிது என்று வாழ்கிறவர்களுக்குப் போட்டி போடும் வேகம் இல்லாமல் போய்விட்டதா? ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் எதற்கு ஒவ்வொரு முறையும் அணி அனுப்புகிறார்கள்?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றே என்று எனக்குப் படுகிறது. ஒரு சமூகம் முழுவதும் ஊறிப்போன திறமை, பன்னாட்டுப் போட்டிக்கு வந்தவுடன் ஏன் கைகொடுக்காமல் போகிறது என்பதுதான் அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வில்வித்தை கற்றுத் தருகிறவன் என்பதால், இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. வேறு வடிவில் தினமும் மைதானத்தில் பார்ப்பதுதான். ஆனால் பூட்டான் அணியோடு நான் பணியாற்றியதில்லை. அவர்களுடைய பயிற்சி முகாமை உள்ளிருந்து பார்த்தவனும் அல்லன். ஆகவே உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், என் ஊகத்தை ஊகம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானவை. பூட்டான் 1971-இல் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் வில்வித்தை தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அந்த நாடு முதல்முறையாகக் கலந்துகொண்டபோது சென்றவர்கள் ஆறு பேர். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள், ஆறு பேரும் வில்லாளிகள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு துப்பாக்கி சுடும் வீராங்கனை சேரும்வரை, பூட்டானின் ஒலிம்பிக் அணி என்றாலே வில்லாளிகள் மட்டும்தான். ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அவர்கள் வரத் தொடங்கியது 1986 சியோலில். அன்றுமுதல் 2023-இல் நடந்த ஹாங்சோ போட்டிவரை ஒரு பதக்கமும் இல்லை. மாலத்தீவும் கிழக்குத் திமோரும் இதே வரிசையில் நிற்கின்றன.

"சின்ன நாடு, அதனால்தான்" என்று பலரும் சட்டென்று முடித்துவிடுவார்கள். சின்ன நாடு என்பது உண்மை. 2017 கணக்கெடுப்பின்படி பூட்டானின் மக்கள்தொகை 7 லட்சத்து 27 ஆயிரம்; 2011-இல் நம் அரியலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை இதைவிடச் சற்றே அதிகம். ஒரே ஒரு மாவட்டத்திலிருந்து ஆசியாவின் மேடைக்கு ஆள் தேற்றுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அது முழு விடை ஆகாது. பூட்டானைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட புருணை, ஹாங்சோவில் வூஷு விளையாட்டில் ஒரு வெள்ளியும் செபாக் தக்ராவில் ஒரு வெண்கலமும் பெற்றது. புருணையிடம் எண்ணெய்ப் பணம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனாலும் நம் கேள்வி பொதுவாகப் பதக்கம் பற்றியதல்ல, வில்வித்தை பற்றியது. அரியலூர் அளவுள்ள ஒரு நாட்டில் பெரும்பாலான ஆண்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது வில்லைப் பிடித்திருப்பார்கள் என்றால், அந்த ஒரு விளையாட்டிலாவது மக்கள்தொகைக் குறை ஈடுகட்டப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. ஏன் என்று புரிய, அவர்களுடைய ஊர் விளையாட்டையே பார்க்க வேண்டும்.

பூட்டானின் ஊர்ப்புற ஆட்டத்துக்கு 'தா' என்று பெயர். மைதானத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மரப்பலகை நட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 145 மீட்டர். ஒரு முனையிலிருந்து எல்லாரும் ஆளுக்கு இரண்டு அம்பு எய்வார்கள். பிறகு அணிவகுத்து மறுமுனைக்கு நடந்து போய் அங்கிருந்து திரும்ப எய்வார்கள். எதிரணியினர் இலக்குப் பலகையின் பக்கத்திலேயே நின்று கேலி பேசுவார்கள். சொந்த அணியினர் அம்பு எங்கே விழுந்தது என்று கையசைத்துச் சொல்வார்கள். பலகையில் பட்டால் 2 புள்ளி, நடுவில் உள்ள வட்டத்தில் பட்டால் 3, பலகையைத் தொடாமல் ஓர் அம்பின் நீளத்துக்குள் விழுந்தால் 1. முதலில் 25 எடுக்கும் அணி அந்தச் சுற்றை வெல்கிறது. அம்பு பலகையில் தைத்ததும் ஆட்டம் நின்றுவிடும்; அணியே கூடி, பாடி, ஆடிவிட்டுத்தான் அடுத்த அம்பு. எய்தவரின் இடுப்பில் வண்ணத் துணி ஒன்று செருகப்படும். மாலையில் யார் இடுப்பில் எத்தனை துணி தொங்குகிறது என்று பார்த்தாலே போதும், அன்றைய வீரன் யார் என்று தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. அந்தப் பலகையின் அகலம் சுமார் 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர். 145 மீட்டரில் 28 சென்டிமீட்டர் என்பது, எய்கிறவரின் கண்ணுக்கு, 70 மீட்டரில் பதின்மூன்றரை சென்டிமீட்டர் போலத் தெரியும். ஒலிம்பிக், ஆசியப் போட்டிகளில் 70 மீட்டரில் வைக்கும் இலக்கின் 10 புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர். ஆக, பக்கவாட்டில் பார்த்தால் பூட்டானின் ஊர்க்கிழவர் ஒருவர் மூங்கில் வில்லால் குறிவைப்பதும், தென்கொரிய வீராங்கனை லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியால் குறிவைப்பதும் ஏறத்தாழ ஒரே அளவு இடத்தைத்தான். (பலகை மூன்றடி உயரம் என்பதால் மேல்கீழாகச் சலுகை உண்டு, ஆனால் அவ்வளவு தொலைவில் அம்பு வளைந்து இறங்கும்போது மேல்கீழ்க் கணிப்புதான் கடினமானது, அந்தச் சலுகை தேவை.) இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்த அன்று அந்த மனிதர்கள்மீது எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாமல், உடம்பின் நினைவை மட்டும் நம்பி அவர்கள் எய்கிறார்கள்.

அப்படியானால் ஏன் வெல்லவில்லை? இங்கேதான் என் முக்கியமான கருத்து இருக்கிறது. ஊர் ஆட்டம் ஒருவனின் மிகச் சிறந்த அம்பைக் கொண்டாடுகிறது. பன்னாட்டு ஆட்டம் ஒருவனின் மிக மோசமான அம்பைத் தண்டிக்கிறது. 'தா' ஆட்டத்தில் பத்து அம்பு புல்லில் விழுந்தாலும் எதுவும் கழிக்கப்படுவதில்லை. பதினோராவது அம்பு பலகையில் தைத்தால் ஊரே ஆடும். ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் 72 அம்புகள், மொத்தம் 720 புள்ளி. அதில் ஓர் அம்பு இலக்கை விட்டு வெளியே போனால் பத்துப் புள்ளி ஒரேயடியாகப் போய்விட்டது. அதை ஈடுகட்ட வேறு அம்பால் முடியாது, ஏனென்றால் பத்துக்கு மேல் புள்ளியே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென்கொரியாவின் லிம் சிஹ்யான் எடுத்தது 694. எழுபத்திரண்டு அம்புகளில் அவர் இழந்த மொத்தப் புள்ளி வெறும் 26. இது அற்புதமான அம்புகளால் வந்த எண்ணிக்கை அல்ல. மோசமான அம்பே இல்லாததால் வந்த எண்ணிக்கை.

இந்த வேறுபாட்டைச் சொல்லால் விளக்கினால் மாணவர்களுக்குப் புரிவதில்லை. என்னிடம் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்தான். உண்டிவில்லில் அசாத்தியமான கை. புளியமரத்தில் எந்தக் காயைச் சொன்னாலும் விழுத்துவான். முதல் வாரத்திலேயே 30 மீட்டரில் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் அம்பு வைத்தான். நான் பூரித்துப் போனேன். ஆனால் எழுபத்திரண்டு அம்பு எய்யச் சொன்னால், நாற்பதாவது அம்புக்குப் பிறகு அவனுடைய தோள் இறங்கிவிடும், நாண் தாடையைத் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒலிம்பிக்கில் பயன்படுத்தும், நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில் கிளிக்கர் என்று ஒரு மெல்லிய உலோகத் தகடு உண்டு. அம்பைச் சரியான நீளத்துக்கு இழுத்ததும் அது 'டக்' என்று விழும். அந்த ஓசை கேட்ட பிறகே நாணை விட வேண்டும். அந்த ஓசைக்காகக் காத்திருக்க அவனால் முடியவில்லை. குறி கண்ணில் பட்ட அதே கணத்தில் விட்டுப் பழகிய கை அது. அந்த அவசரத்தைக் களைய எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அவனுக்குப் பிறகு சேர்ந்த, கையில் எந்த வில்லையும் தொட்டிராத எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த இரண்டு ஆண்டுகளில் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். பழக்கம் உதவியும் செய்யும், குறுக்கேயும் நிற்கும்.

நம் நாட்டிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. ராஜஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் மூங்கில் வில்லோடு வளர்ந்த இளைஞர்களை இந்திய விளையாட்டு ஆணையம் 1987-இல் தேடித் தேர்ந்தெடுத்தது. அப்படிக் கிடைத்தவர்தான் லிம்பா ராம். மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். பிறவித் திறமையும் முறையான பயிற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் ஒரு லிம்பா ராம் வந்ததால் நாடு மாறிவிடவில்லை. ஆசிய விளையாட்டில் வில்வித்தை 1978 பாங்காக்கிலேயே சேர்ந்துவிட்டது. இந்தியாவுக்கு அதில் முதல் பதக்கம் கிடைத்தது 2006 தோஹாவில், ஆண்கள் அணி வெண்கலம். ஒலிம்பிக்கில் பாரிஸ் 2024 வரை வில்வித்தைப் பதக்கம் நமக்கு இல்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் கொண்ட நாட்டுக்கே இந்த நிலை என்றால், பூட்டானைப் பார்த்து "ஏன் இன்னும் இல்லை" என்று கேட்கும்போது நம் குரல் கொஞ்சம் தணிந்தே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுதி: வில்வித்தையைப் பொறுத்தவரை உலகிலேயே கடினமான கண்டம் ஆசியாதான். தென்கொரியப் பெண்கள் அணி 1988-இலிருந்து 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றிருக்கிறது. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஆன் சான், பாரிஸுக்கான கொரிய அணியிலேயே இடம் பெற முடியவில்லை. அந்த நாட்டுக்குள் நடக்கும் தேர்வு அவ்வளவு கடுமையானது. அவர்களோடு சீனா, தைவான், ஜப்பான், இந்தியா, கஜகஸ்தான், இந்தோனேசியா, மலேசியா என்று வரிசை நீள்கிறது. தோற்றவர் வெளியேறும் தனிநபர் நீக்கச் சுற்றுக்கு ஒரு நாட்டிலிருந்து இருவர் மட்டுமே போகலாம் என்ற விதி சின்ன நாடுகளுக்கு ஓரளவு உதவுகிறது. இல்லையென்றால் அரையிறுதியில் நான்கு கொரியர்களே நிற்பார்கள். அந்த விதி இருந்தும் பாதை குறுகலானது. ஏனென்றால் வில்வித்தையில் வெண்கலம் ஒன்றே ஒன்றுதான். அரையிறுதியில் தோற்ற இருவரும் மோதி ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும். குத்துச்சண்டை, ஜூடோ, டேக்வாண்டோ போன்றவற்றில் ஒவ்வோர் எடைப்பிரிவிலும் இரண்டு வெண்கலம் உண்டு. சின்ன நாடுகளின் முதல் பதக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். 2002 புசானில் பாலஸ்தீனத்துக்குக் கிடைத்த முதல் ஆசியப் பதக்கம் குத்துச்சண்டை வெண்கலம். பதக்கம் மட்டுமே குறி என்றால் பூட்டான் தன் பணத்தை அங்கே போடுவதே புத்திசாலித்தனம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். வெளிநாட்டு ஓட்டக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுத்துப் பதக்கம் சேர்த்த வளைகுடா நாடுகளின் வழியும் இருக்கிறது. பூட்டான் அந்த வழியில் போகவில்லை. அது சரியென்றே நான் நினைக்கிறேன். சொந்தப் பிள்ளை எய்த அம்பு பதினாறாம் இடத்தில் நின்றாலும் அடுத்த தலைமுறைக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. வாங்கி வந்த தங்கம் அதைக் கற்றுத் தராது.

வங்கதேசத்தின் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. அந்த நாட்டுக்கு பூட்டானைப் போன்ற வில் மரபு கிடையாது. அங்கே நவீன வில்வித்தை வேரூன்றியதே இந்த நூற்றாண்டில்தான். ஆனால் 2019-இல் அவர்களுடைய ரூமன் ஷானா உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்று நேரடியாக ஒலிம்பிக் இடம் பெற்றார். அதே ஆண்டு நேபாளத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் வில்வித்தையின் பத்துத் தங்கத்தையும் வங்கதேசமே அள்ளிச் சென்றது. இந்திய வில்வித்தைச் சங்கம் அப்போது தடையில் இருந்ததால் இந்திய வில்லாளிகள் அங்கே இல்லை. களம் திறந்து கிடந்தது. மரபுள்ள பூட்டானும் அங்கே இருந்தது. மரபில்லாத வங்கதேசம்தான் தங்கங்களை எடுத்தது. ஜெர்மானியப் பயிற்சியாளர் ஒருவர் முழுநேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார், ஒரு தனியார் நிறுவனம் செலவை ஏற்றது, வீரர்கள் ஆண்டு முழுவதும் ஒரே முகாமில் இருந்தார்கள். பன்னாட்டு வில்வித்தைக்கு வேண்டியது இதுதான். ஒரு நாளைக்கு 300, 400 அம்புகள், பல ஆண்டுகள், ஒரே அசைவு. மரபு ஆட்களைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும். உள்ளே அழைத்துப் போவது இந்த முகாம்தான்.

அந்த 2019 தெற்காசியப் போட்டியின் பதக்கப் பட்டியலில் எனக்கு உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. பூட்டான் 7 வெள்ளி, 13 வெண்கலம் என்று 20 பதக்கம் பெற்றது; தங்கம் இல்லை. மாலத்தீவு ஒரு தங்கமும் 4 வெண்கலமும் பெற்றது. 100 மீட்டர் ஓட்டத்தில் ஹசன் சயீத் வென்ற தங்கம் அது. அந்தத் தீவு நாடு கொண்டாடியதில் முழு நியாயம் உண்டு. ஆனால் தங்கத்தை முதலில் எண்ணும் வழக்கப்படி பட்டியலில் பூட்டான் கடைசி. இருபது முறை மேடை ஏறிய அணி, ஐந்து முறை ஏறிய அணிக்குக் கீழே. பட்டியலின் அடிவரியைப் பார்த்துவிட்டு "இவர்கள் எதற்கு வருகிறார்கள்" என்று கேட்பவர்கள் இந்த ஒரு எண்ணிக்கையையாவது பார்க்க வேண்டும்.

இனி உறுதியில்லாதவற்றுக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட "மகிழ்ச்சி" விளக்கத்தை நான் ஏற்கவில்லை. பூட்டான் மொத்த தேசிய மகிழ்ச்சி பற்றிப் பேசும் நாடு என்பதால், அங்குள்ளவர்களுக்கு வெற்றிப் பசி இல்லை என்று வெளியிலிருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊர்ப் போட்டிக்கு முன்னால் அவர்கள் ஜோதிடரிடம் போய், யார் எந்த வரிசையில் எய்ய வேண்டும் என்று கேட்பார்கள். முந்தைய இரவு வீட்டை விட்டு, மனைவியை விட்டு, அணியோடு தனியாகத் தங்கும் வழக்கமும் உண்டு. எதிரணி எய்யும்போது கவனத்தைக் கலைக்கப் பெண்கள் பாட்டுப் பாடுவார்கள். வெல்ல வேண்டும் என்ற தவிப்பு இல்லாதவர்கள் இப்படியெல்லாம் செய்வார்களா? அவர்களிடம் பசி நிறைய இருக்கிறது. அது ஊருக்கும் ஊருக்கும் இடையே, அணியாகச் சேர்ந்து, சத்தத்துக்கு நடுவே பழகிய பசி. எவரும் பேசாத மைதானத்தில், தனியாக, இருபது விநாடிக் கடிகாரத்தின் முன் நிற்பது வேறொரு மனநிலையைக் கேட்கிறது.

திம்புவின் உயரத்தையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு; அங்கே பழகிய அம்பு கீழே வந்தால் சற்றுத் தாழ்ந்து விழும். இயற்பியல் சரி. ஆனால் பன்னாட்டு வில்லில் குறிபார்க்கப் பொருத்தியிருக்கும் சைட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் தீர்ந்துபோகும் சிக்கல் அது. இரண்டு நாள் பயிற்சி போதும். நாற்பது ஆண்டுப் பதக்கப் பஞ்சத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

என் ஊகங்களில் நான் மிகவும் நம்புவது, ஆனால் நிரூபிக்க முடியாதது, பெண்களைப் பற்றியது. ஊர் ஆட்டத்தில் எய்வது ஆண்கள். பெண்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். பெண் வில்லைத் தொடக் கூடாது என்ற நம்பிக்கைகூட இருந்தது. அப்படியிருக்க, பன்னாட்டு அரங்கில் பூட்டானின் பெயரை முன்னால் கொண்டுவந்தவர்களைப் பாருங்கள். 2004 ஏதென்ஸில் ஷெரிங் சோடென் நீக்கச் சுற்றின் முதல் போட்டியை வென்றார். 2012 லண்டனில் வில்லோடு நின்றவர் ஷெராப் ஜாம். அதற்குப் பிறகு கர்மா. மூவரும் பெண்கள். மரபு ஆட்டத்தில் இடம் இல்லாதவர்கள், புதிய ஆட்டத்தில் ஆண்களுக்கு நிகராகவும் சில சமயம் முன்னாலும் நிற்கிறார்கள். களைய வேண்டிய பழைய பழக்கம் அவர்கள் கையில் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் எட்டாம் வகுப்பு மாணவியை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு மைதானத்தில் கண்டதை ஒரு நாட்டுக்கே பொருத்துவதில் ஆபத்து உண்டு.

கர்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எதற்கு அணி அனுப்புகிறார்கள்" என்ற கேள்விக்கு அவர்தான் பதில். அவர் பெயரே அவ்வளவுதான். பூட்டானில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஏராளம். ஒலிம்பிக்கில் எல்லா நாடுகளும் இடம்பெற வேண்டும் என்பதற்காகச் சின்ன நாடுகளுக்கு அழைப்பு இடங்கள் தரப்படும். பூட்டான் வீரர்கள் அதுவரை அப்படித்தான் சென்று வந்தார்கள். 2019 நவம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் கர்மா மற்ற நாட்டு வீராங்கனைகளை வென்று டோக்கியோவுக்கான இடத்தைப் பிடித்தார். யாரும் அழைத்துக் கொடுத்ததல்ல அது. பூட்டானின் வரலாற்றில் அப்படித் தகுதி பெற்ற முதல் ஆள் அவர். உள்நாட்டில் அதே பத்துப் பேரோடு மோதிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. அறிமுகமில்லாத மைதானத்தில், தன்னைவிடப் பெரியவர்களோடு எய்து, தோற்று, ஏன் தோற்றோம் என்று குறித்துக்கொண்டு வருவதற்கு ஆசிய விளையாட்டைப் போல ஓர் இடம் கிடையாது. அங்கே பெரும்பாலான விளையாட்டுகளில் நுழைவுத் தர வரம்பு இல்லை; நாடு பெயர் கொடுத்தால் போதும். ஒரு பயிற்சியாளனாகச் சொல்கிறேன்: தோற்கக் கிடைக்கும் நல்ல போட்டிகளைவிட விலையுயர்ந்த கருவி எங்கள் தொழிலில் இல்லை.

டோக்கியோவில் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். தகுதிச் சுற்றில் கர்மாவுக்கு 56-ஆம் இடம். எதிரில் வந்தவர் 9-ஆம் இடத்திலிருந்த நம் தீபிகா குமாரி. 6-0 என்று தீபிகா வென்றார். அன்று நம் தொலைக்காட்சிகளில் அது ஓர் எளிய வெற்றியாகக் கடந்து போனது. ஆனால் தீபிகாவும் கல்லெறிந்து மாங்காய் அடித்துக் கண்ணையும் கையையும் பழக்கிக்கொண்ட ஜார்க்கண்ட் கிராமத்துப் பெண்தான். ஜாம்ஷெட்பூரில் டாடா அகாடமி என்ற ஒன்று இருந்ததால், அது அவரைச் சிறுவயதிலேயே எடுத்து வளர்த்ததால், அவர் 9-ஆம் இடத்தில் நின்றார். அந்த இரண்டு பெண்களுக்கும் இடையே இருந்த நாற்பத்தேழு இடங்களின் வித்தியாசத்தில் திறமையின் பங்கு எவ்வளவு, அகாடமியின் பங்கு எவ்வளவு என்று எனக்குள் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. அகாடமியின் பங்கே அதிகம் என்பது என் எண்ணம்.

பூட்டானுக்குப் பதக்கம் வருமா என்றால், கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில்தான் வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். 1980-களிலிருந்து அங்கே நகரத்து ஆட்டங்களில் மூங்கிலின் இடத்தைக் காம்பவுண்ட் பிடித்துவிட்டது, ஆர்வத்துக்குக் குறைவில்லை. 2014 இஞ்சியோனிலிருந்து ஆசிய விளையாட்டில் அது தனிப்பிரிவு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவாக நுழைகிறது. ஆனால் அந்த வாசலில் இப்போது நிற்பது இந்தியா. ஹாங்சோவில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் நமக்கே. விஜயவாடாவின் ஜோதி சுரேகா தனிநபர் இறுதியில் 15 அம்புகளில் எடுத்தது 149. இழந்தது ஒரே ஒரு புள்ளி. 145 மீட்டரில் வளைத்து எய்யும் கை, 50 மீட்டரில் 8 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் பதினைந்து முறை தொடர்ந்து வைக்கப் பழக வேண்டும். பொறுமையான பயிற்சியாளரும் ஐந்தாறு ஆண்டுத் தொடர் முகாமும் இருந்தால் முடியும், ஆனால் அந்த வாசலில் இந்தியாவைத் தாண்டுவது எளிதல்ல; களைய வேண்டிய பழைய பழக்கமும் ஆண்கள் கையில் இருக்கிறது. அதனால் காம்பவுண்டைவிடப் பெண்கள் ரிகர்வ் பிரிவில்தான் முதல் அசைவு தெரியும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

அடுத்த ஆசிய விளையாட்டின்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதக்கப் பட்டியலைத் திறக்க வேண்டாம். போட்டியின் தொடக்கத்தில் நடக்கும் ரிகர்வ் பெண்கள் தகுதிச் சுற்றின் மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். பூட்டான் வீராங்கனைகளின் பெயருக்கு நேரே 720-க்கு எத்தனை என்று இருக்கும். அது 620-ஐ ஒட்டி இருந்தால் முதல் சுற்றிலேயே பெரிய நாட்டோடு மோதி வெளியேறுவார். 640-ஐத் தாண்டினால் ஒரு சுற்று வெல்ல வாய்ப்புண்டு. என்றாவது ஒருநாள் அங்கே 655 என்று கண்டால், அன்று எல்லா வேலையையும் தள்ளி வைத்துவிட்டு அவருடைய நீக்கச் சுற்றைப் பாருங்கள்.